மூன்றாவது ஆள்

தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே எனக்குக் கால் நடுங்கியது. பக்கத்தில் நின்றவர்களிடம் குளிர் என்று சொன்னேன். தொண்ணூற்று நாலு கிலோ உடம்பைத் தை மாதக் குளிர் அவ்வளவு லேசில் ஆட்டிவிடாது. பயம்தான்.

அது 1994. இராஜபாளையத்தில் ஒரு விளையாட்டு மன்றத்தார் டிரையத்லான் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அந்தப் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் மூணுபோட்டி என்றோம். ஊருக்கு மேற்கே கண்மாயில் முந்நூறு மீட்டர் நீந்தி, கரையேறி, சைக்கிளில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கிருந்து செண்பகத்தோப்பு வனத்துறைச் செக்போஸ்ட் வரை ஓட வேண்டும். காலை ஏழரைக்கு ஆரம்பம். பதினோரு மணிக்குள் முடித்தாக வேண்டும்.

என் பெயர் ஞானபாக்கியம். பேண்டேஜ் துணி செய்கிற யூனிட்டில் வேலை, அப்போது வயது முப்பத்தாறு. இந்த வம்பில் என்னை இழுத்துவிட்டவள் கூட வேலை பார்த்த அங்காளம்மாள். இருபது வயசுக்காரி, போலீசில் சேர வேண்டும் என்று பைத்தியமாகத் திரிந்தவள். விண்ணப்பத்தோடு வைக்க ஒரு விளையாட்டுச் சான்றிதழ் வேண்டும் என்று அலைந்தாள். மன்றத்துச் செயலாளர் முத்துராமலிங்கமோ, பெண்கள் மூன்று பேராவது முடித்தால்தான் அதைப் போட்டி என்று ஒத்துக்கொண்டு சான்றிதழ் தர முடியும் என்றுவிட்டார். இவள் ஒன்று, இவள் சிநேகிதி மாரியாத்தாள் ரெண்டு. மூன்றாவதுக்கு ஊரெல்லாம் கேட்டுச் சலித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"என்னையப் பாத்தா கேக்க? கண்ணு தெரியலையாட்டி?"

"ஒங்களுக்கு நீச்சல் தெரியும்லக்கா. சைக்கிள் மிதிப்பிய. கடைசில நடந்து வந்தாக்கூடப் போதும்க்கா, எனக்காக."

நீச்சல் தெரியும், உண்மைதான். பன்னிரண்டு வயசு வரைக்கும் கிணற்றில் குதித்தவள். கிணற்றுக்குச் சுவர் உண்டு, படி உண்டு. கண்மாய்க்கு என்ன இருக்கிறது? அதைச் சொல்லாமல் சரி என்று தலையாட்டிவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

"செத்துருவட்டி," என்றார் என் வீட்டுக்காரர் ஐயாதுரை. மனுஷனுக்கு ஆறுதலாகப் பேச வராது. ஆனாலும் தினமும் விடியுமுன் என்னைத் தோட்டத்துக் கிணற்றுக்குக் கூட்டிப்போய், படியில் உட்கார்ந்து, நான் நீந்தி முடிக்கும்வரை காவல் இருந்தார். இரண்டு மாதத்தில் நீச்சல் திரும்பி வந்தது. சைக்கிளில் இரண்டு டயர் வெடித்தன. ஓட்டம்தான் என்னைக் கொன்றது. பத்து நிமிஷம் ஓடினால் தொடையோடு தொடை உரசித் தோல் வழன்றுவிடும். பருத்த உடம்புக்காரர்களுக்குத் தெரியும் அந்த எரிச்சல். வெளியில் சொல்லவும் முடியாது.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஊருலகத்துப் புண்ணுக்கெல்லாம் கட்டுத்துணி செய்கிறவள், புண் வருவதற்கு முன்பே கட்டிக்கொண்டால் என்ன? யூனிட்டில் இருந்து நல்ல மெத்தென்ற துணியாக இரண்டு ரோல் எடுத்து, இரண்டு தொடையிலும் சுற்றி, நழுவாமல் இருக்க இடுப்போடு சேர்த்து முடிந்து, அதற்குமேல் சுடிதார்ப் பேண்ட்டைப் போட்டுக்கொண்டேன். தரையில் ஓடிப் பார்த்தேன். ஒரு எரிச்சல் இல்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

போட்டியன்று விசில் ஊதியதும் ஆண்களும் அந்த இரண்டு பெண்களும் வாத்துக் கூட்டம் மாதிரிப் பாய்ந்து போனார்கள். நான் கடைசியாக இறங்கினேன். கண்மாய்க்குள் வெட்டிய கருவேல மரங்களின் கட்டைகள் தண்ணீருக்கு அடியில் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கே நிற்கும் என்றுதான் தெரியாது. நடுக்கண்மாயில் மீன்பிடிக்கிற சின்னக்கருப்பன் லாரி டியூபில் காவலுக்கு மிதந்தான். ஆபத்து என்றால் அவனைப் பிடித்துக்கொள்ளலாம். பிடித்துவிட்டால் போட்டியில் இருந்து அவுட்.

பாதித் தூரம் போயிருப்பேன். கால்கள் கனத்தன. முதலில் களைப்பு என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. எங்கள் யூனிட்டில் தினமும் ஒரு துண்டுத் துணியை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்போம். பத்து எண்ணுவதற்குள் தண்ணீரைக் குடித்து மூழ்கினால்தான் சரக்கு பாஸ். அந்தச் சோதனையைச் செய்கிறவளே நான்தான். அந்த ரோல்களுக்கும் நான்தான் பாஸ் போட்டிருந்தேன்.

துணி ஊறி, இளகி, பேண்ட் வழியாக இறங்கிப் பாதத்துக்குக் கீழே வாலாக இழுபட்டது. அடுத்த உதைப்பில் வலது கால் திரும்பி வரவில்லை. அடியில் ஏதோ கட்டை முள்ளில் துணி மாட்டிக்கொண்டது. இழுத்தேன். இழுக்க இழுக்க இறுகியது. ஈரமான பருத்தி அறாது, இன்னும் உறுதியாகும் என்பதும் எனக்குத்தான் தெரியுமே. தலை ஒருமுறை உள்ளே போய்விட்டு வந்தது. சேற்றுத் தண்ணீர் மூக்கில் ஏறியது. இயேசுவே, இயேசுவே என்பதைத் தவிர எனக்கு வேறு ஜெபம் வரவில்லை. செத்துப் போவேன் என்று முழுதாக நம்பினேன். கையைத் தூக்கிவிட்டேன்.

சின்னக்கருப்பன் டியூபை விரசாகத் தள்ளிக்கொண்டு வந்தான். ஒரு முழத்தில் நிறுத்தினான்.

"பிடிங்கக்கா. ஆனா பிடிச்சா அவுட்டு, பாத்துக்கிடுங்க."

"கால்ல துணி மாட்டிக்கிட்டுலே!"

"அவுத்து விட முடியுமா?"

அவிழ்க்கலாம். இடுப்பு முடிச்சையும் பேண்ட் நாடாவையும் உருவிவிட்டால் எல்லாம் மொத்தமாகக் கழன்று கட்டையோடு போய்விடும். நான் வெறும் மேல்சட்டையோடு கரையேற வேண்டும். கரையில் ஊரே நின்றது. அந்த டியூபைப் பார்த்தேன். கரையைப் பார்த்தேன். எது பெரிய பயம் என்று எனக்கே தெரியவில்லை. டியூபைப் பிடித்தால் இரண்டு பயமும் அந்த நிமிஷமே தீர்ந்துவிடும். அங்காளம்மாளின் சான்றிதழும் தீர்ந்துவிடும்.

"அந்தப் பக்கம் திரும்புலே," என்றேன்.

அவன் திரும்பிக்கொண்டான். நீருக்குள் முடிச்சைத் தேடினேன். விரல் மரத்திருந்தது. இரண்டு தடவை தண்ணீர் குடித்தேன். நாடா உருவியது, இடுப்பு முடிச்சு மட்டும் வரவில்லை. நகம் பிய்ந்தது. கடைசியில் முடிச்சைப் பிரிக்காமலே எல்லாவற்றையும் சேர்த்துத் தோலோடு உரித்துக் கீழே தள்ளினேன். கால் விடுபட்டதும் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே நீந்தினேன்.

கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுவிட்டேன். மாற்றிக்கொள்ளக் கொண்டுவந்த சேலை கரையில் என் சைக்கிளில் பையோடு தொங்கியது. முப்பது அடி வைத்தால் எட்டிவிடும் தூரம். பார்த்தால் பார்க்கட்டும் என்று துணிந்து நடந்தேன் என்று சொன்னால் அது பொய். ஈரச் சட்டையைத் தொடைமேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறினேன். எவனோ விசில் அடித்தான். கரையில் காத்திருந்த ஐயாதுரை கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "ஏலே, என்னத்தலே பாக்குதிய, ஒங்க வீட்டுல பொம்பளையே இல்லையா?" என்று கத்தினார். அதற்குள் நான் சேலையைச் சுற்றிவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரை சைக்கிள் எப்படிப் போனது என்று நினைவில்லை. பின்னால் டவுன் பஸ் வருகிற சத்தம் கேட்டபோதெல்லாம் விழுந்துவிடுவேன் என்று நடுங்கியது மட்டும் தெரியும். செண்பகத்தோப்பு ரோட்டில் ஓட்டமும் நடையுமாகப் போனேன். இப்போது தொடைக்கு நடுவே துணி இல்லை. சேலைக்கடியில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. எதிரே வந்த ஒருவரிடம் மணி கேட்டேன்.

"பதினொண்ணாகப் போவுதும்மா."

செக்போஸ்ட் கண்ணுக்கே தெரியவில்லை. அப்போது வந்த பயம்தான் அன்றைய பயத்திலேயே மோசமானது. தண்ணீரில் என் உயிர் போனால் என்னோடு போகும். இது அந்தப் பிள்ளையின் வாழ்க்கை. வாய்விட்டுப் புலம்பிக்கொண்டே ஓடினேன்.

வளைவு திரும்பியபோது செக்போஸ்டில் போட்டிப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகள் வேனில் ஏறியிருந்தன. ஒரே ஒரு மேசை மட்டும் நடுரோட்டில் நின்றது. அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் அங்காளம்மாள். முடித்தவர்கள் பெயர் எழுதுகிற நோட்டு அவள் காலுக்கு அடியில் இருந்தது. செயலாளர் முத்துராமலிங்கம் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"எறங்கு தாயி. நேரம் தாண்டிப் பத்து நிமிசம் ஆயிப்போச்சு. அவிய வரமாட்டாவ."

"எங்கக்கா வருவா," என்றாள் அவள். என்னை இன்னும் பார்க்கவில்லை.

கூப்பிட எனக்கு மூச்சில்லை. ஒவ்வொரு அடியாக வைத்துப் போய் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முத்துராமலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். சேலையில் ரத்தம் இருந்தது. அவர் அங்காளம்மாளிடம் கையை நீட்டினார்.

"நோட்டக் குடு. பேரு என்னம்மா?"

அவள் நோட்டை எடுக்கவில்லை. என் கையைத்தான் பிடித்தாள். பிடித்த கையை விடாமலே, எனக்கு முந்தி என் பேரைச் சத்தமாகச் சொன்னாள்.