பரவாயில்லை, டாக்டர்

கண்ணாடிக் கடையில் கண் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. "இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதா?" என்று ஒரு நாளைக்கு நூறு முறையாவது கேட்பாள். தன்னைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் கூசாமல் புளுகுவாள்.

மனச்சோர்வுக்கு இது நான்காவது மாத்திரை. முதல் மூன்றும் பேருக்குக்கூட வேலை செய்யவில்லை. நான்காவதும் அதே கதைதான். ஆனால் போன தடவை டாக்டர் ஆவலாகக் கேட்டபோது, "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். பாவம், அந்த மனுஷன் முகம் அப்படி மலர்ந்தது. போனில் அக்காவிடமும் அதையே சொன்னாள், அக்கா அழுதேவிட்டாள். அதற்கப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இல்லை என்பது? வேலை முடிந்து வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் இருட்டும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை யாரும் பார்க்கவில்லை. பார்க்க யார் இருக்கிறார்கள்? இன்று மாலை மறுபடியும் டாக்டரிடம் போக வேண்டும். குணம் தெரிகிறது என்றால் இதே மாத்திரையை ஒரு வருஷத்துக்கு எழுதிவிடுவார்.

காலையில் ஒரு தையல்காரர் வந்தார். ஊசியில் நூல் கோக்க முடியவில்லையாம். எந்த லென்ஸைப் போட்டாலும் "ஜோராத் தெரியுதும்மா" என்றார். அவளுக்குச் சந்தேகம் வந்தது. லென்ஸைக் கழற்றி, அதையே திரும்ப மாட்டினாள்.

"இப்ப?"

"முன்னைக்கு இது இன்னும் ஜோர்."

"அதே லென்ஸ்தான் ஐயா. நான் மாத்தவே இல்ல."

அவர் நெளிந்தார். "நீங்களும் எவ்வளவு நேரமா மெனக்கெடுறீங்க. இல்லைன்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சும்மா."

"எனக்காகச் சொன்னா, தலைவலி உங்களுக்குத்தான் வரும்," என்றாள். சொன்னது அவள் காதிலும் விழுந்தது. லென்ஸைக் கழற்றி, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மாலையில் டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டே சிரித்தார். "நல்லா இருக்கீங்கல்ல? இதையே தொடர்வோமா?"

"இல்ல டாக்டர். ஒண்ணும் மாறல. போன தடவை பொய் சொன்னேன்."

"ஏன்?"

"நீங்க சந்தோஷப்பட்டீங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அதைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"வேற வழிகள் இருக்கு. ஆனா எதுவும் உறுதின்னு சொல்ல மாட்டேன்." நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சாயங்காலம் வீட்டுக்குப் போனா என்ன பண்றீங்க? அதுலேருந்து சொல்லுங்க."

"செருப்பைக் கழட்ட மாட்டேன்," என்று ஆரம்பித்தாள்.