திறக்காத ஓவன்

ஓவன் கதவு திறக்கவில்லை. என் ஓரகத்தி இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்; அசைவேனா என்றது. கதவுக்கு மேலே சிவப்புப் பூட்டுப் படம் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டிருக்கலாமேக்கா" என்றேன்.

"உன் எண்ணெய்ப் பிசுக்கு என் அடுப்பு வரைக்கும் ஒழுகுது. பட்டனைத் தட்டினா உள்ள இருக்கறதை எரிச்சு அதுவே சுத்தம் பண்ணிக்குமாம். நீதான் பண்ண மாட்டே, அதாவது பண்ணட்டும்னு போட்டேன்."

எங்கள் சமையலறையில் எல்லைக்கோடு உண்டு. அடுப்பு மூத்தவளான அவளுக்கு, ஓவன் எனக்கு. என் பாத்திரத்தை அவள் தொட மாட்டாள், அவள் கரண்டியை நான் தொட மாட்டேன். பட்டனை அழுத்தியவள் கதவைத் திறந்து பார்க்காததற்கும் அந்த வீறாப்புதான் காரணம். பார்த்திருந்தால், உள்ளே தட்டில் நான் ஒளித்து வைத்திருந்த சாவி அப்போதே சிக்கியிருக்கும்.

நானும் என் வீட்டுக்காரரும் தனிக்குடித்தனம் போகப் பிடித்த வீட்டின் சாவி. பீரோ, தலையணை உறை, துவைக்கப் போட்ட சட்டைப்பை என்று எல்லாவற்றிலும் நுழைகிற அவள் கை நுழையாத ஒரே இடம் ஓவன்தான். போன தடவை விஷயம் முன்னாலேயே தெரிந்து, அவள் ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். என் வீட்டுக்காரர் அப்படியே கவிழ்ந்துவிட்டார். அண்ணி கண்ணில் தண்ணீர் வந்தால் போதும், பெண்டாட்டி என்று ஒருத்தி இருப்பதே அந்த மனுஷனுக்கு மறந்துவிடும். அதனால் இந்தத் தடவை சாமானை ஏற்றிய பிறகுதான் சொல்வது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். நாளைக் காலை வண்டி வருகிறது.

"விடுங்கக்கா. நான் அப்புறம் பாத்துக்கறேன். இன்னும் ஆறலை போல."

"ஆறி எவ்வளவோ நேரமாச்சு. பூட்ட வச்சவ நான், நானே திறந்து விடறேன்."

சுவரிலிருந்த சுவிட்சை அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் போட்டாள். பூட்டின் மோட்டார் உறுமியது. கொக்கி விலகவில்லை.

"உள்ள ஏதோ கதவை முட்டிக்கிட்டு நிக்குது. எதை வச்சுத் தொலைச்சே?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்படி வெளுத்துப் போகுது?"

தட்டுதான். யாரோ வருகிற சத்தம் கேட்டு, முழுக்கத் தள்ளாமல் கதவைச் சாத்தியிருந்தேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அவள் மறுபடி அணைத்தாள். முழங்காலால் கதவை உள்பக்கமாக அழுத்திக்கொண்டு சுவிட்சுக்குக் கை நீட்டினாள். நான் மறைத்து நின்றேன். முழங்கையால் என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் போட்டாள். டக்கென்று கொக்கி விலகியது.

அவள் கதவைத் திறந்ததும் கருகல் நெடி முகத்தில் அடித்தது. தட்டில் சாவி கருத்துப்போய்க் கிடந்தது.

அவள் சாவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மறுபடியுமா?" என்றாள் மெதுவாக.

பாய்ந்து எடுத்தேன். உள்ளே இன்னும் சூடு இருந்திருக்கிறது, உள்ளங்கை எரிந்தது. எரிந்தால் எரியட்டும்.

அவள் கூடத்துப் பக்கம் திரும்பினாள். "தம்பீ..." குரல் தழுதழுத்தது. "நான் உங்களுக்கு என்னப்பா குறை வச்சேன்?"

கேட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கூடத்தில் என் வீட்டுக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுகிற சத்தம் கேட்டது.