சனிக்கிழமை மட்டும்

“அம்மா, அப்பா படத்துக்குப் பக்கத்துல ஒரு மாமா சிரிச்சுக்கிட்டு இருக்காரே, அவரு எப்பச் செத்தாரு?”

ஒபிடிகேயைப் புதைத்த மறுவாரம் அவன் மகள் ஒலுச்சி இப்படிக் கேட்டாள். ஆறு வயது. எழுத்துக் கூட்டிப் படிக்க இன்னும் வராது. வீட்டு மதிலில் அவள் அப்பாவின் மரண அறிவிப்புச் சுவரொட்டி இருந்தது. அதற்குப் பக்கத்தில் அதே அளவில், அதே வழவழப்பில், சட்டசபைத் தேர்தலுக்கு ஆளுங்கட்சி சார்பில் நிற்கும், சீஃப் என்று எல்லோரும் அழைக்கும் பிரமுகரின் சுவரொட்டி. இரண்டிலும் நீல வானம், இரண்டிலும் வெள்ளைப் பல். சுவரில் பெரிய படம் ஏறிவிட்டால் ஆள் இனி வரமாட்டார் என்பதை அந்த வாரம்தான் குழந்தை கற்றுக்கொண்டிருந்தது.

ஒபிடிகேயின் மனைவி உகோயே தலை மழித்து, கறுப்புத் துணி கட்டி, தரையில் விரித்த பாயில் உட்கார்ந்திருந்தாள். துக்கத்துக்கு வந்திருந்த பெண்களில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

அது நடந்து மூன்று மாதமாகிவிட்டது. தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை மத்தியானம், கணவனின் அண்ணன் ஒக்வுடிலியும் அக்கா அடன்மாவும் ஒன்றாக அவள் அறைக்குள் நுழைந்தார்கள்.

ஒக்வுடிலி அந்த வார்டில் ஆளுங்கட்சியின் பொறுப்பாளன். அடன்மா அந்த வம்சத்தில் பிறந்த பெண்களில் மூத்தவள். அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், விதவை எங்கே உட்கார வேண்டும், எதில் சாப்பிட வேண்டும் என்பதைச் சொல்வது அந்த வீட்டில் பிறந்த பெண்கள்தான். ஆறு மாதத்துக்கு உகோயே வெளிவாசலைத் தாண்டக் கூடாது. சந்தை கிடையாது, ஓடை கிடையாது, மாதா கோயில் கிடையாது. அவள் கையிலிருந்து யாரும் எதையும் நேராக வாங்கக் கூடாது; கையில் இருப்பதைப் பார்க்கவும் கூடாது. அவள் கீழே வைத்து நகர்ந்த பிறகுதான் எடுக்கலாம்.

ஒலுச்சிக்கு ஜுரம் வந்து வலிப்புக் கண்ட அன்று உகோயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை ஓடினாள். அடன்மா குறுக்கே நின்றாள். நீ தாண்டினால் என் தம்பி ஆவியாய் அலைவான் என்றாள். பிறகு அந்த அறுபது வயதில் அவளே குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். கெட்டவள் இல்லை. இருபத்தாறு வயதில் அவளும் இப்படி உட்கார்ந்தவள்; அந்தக் காலத்தில் ஒரு வருஷம். அவளுக்காக யாரும் எதையும் தளர்த்தவில்லை.

“ஒலுச்சி அம்மா, சனிக்கிழமை காலையில தயாரா இரு,” என்றான் ஒக்வுடிலி. “ஓட்டுப் போடப் போகணும்.”

உகோயே நாத்தனாரைப் பார்த்தாள். அடன்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் வாசல் தாண்டக் கூடாதே, அத்தான்.”

“கோலாக் கொட்டை ஒடச்சுப் படைச்சு முன்னோர்கிட்ட கேட்டுட்டேன். சனிக்கிழமை மட்டும் போகலாம்னுட்டாங்க.”

உகோயே அடன்மாவின் பக்கம் திரும்பிக் கேட்டாள். “அப்ப ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போகலாமா, மதினி?”

“அது எப்படிப் போக முடியும்? சனிக்கிழமை வேற, ஞாயித்துக்கிழமை வேற.” சொன்ன பிறகு அடன்மாவுக்கே அது சரியாகக் கேட்கவில்லை போலும். துணி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஒக்வுடிலி வந்த வேலையை விரிவாகச் சொன்னான். வம்சத்தில் அறுபத்து மூன்று ஓட்டு. அத்தனையும் சீஃபுக்கு விழும், இந்த வாக்குச்சாவடியில் அவரை எதிர்த்து நிற்கும் உசோஅமகா டீச்சருக்கு ஒன்றுகூட விழாது என்று அவன் வாக்குக் கொடுத்திருக்கிறான். எல்லோருடைய வாக்காளர் அட்டையும் அவன் பெட்டியில்தான் இருக்கிறது. வரிசையில் நிற்கும்போது கையில் தருவான். சின்னத்துக்கு எதிரே மை விரலைப் பதித்ததும், சீட்டை மடிப்பதற்கு முன்னால், பக்கத்தில் நிற்கும் மஞ்சள் தொப்பிக்காரனுக்குக் காட்டிவிட வேண்டும். அவ்வளவுதான்.

“தம்பி சாவுக்கு மாடு யாரு குடுத்தா? சீஃப் குடுத்தாரு. ஊரே சாப்பிட்டுச்சு. அந்த நன்றி இருக்கணும்ல?”

ஒபிடிகே நெடுஞ்சாலை முக்கில் கொட்டகை போட்டு டயருக்குப் பஞ்சர் ஒட்டிவந்தவன். சாலை நடுவே கிணறுபோல் வாய் பிளந்திருந்த பள்ளத்தில் சக்கரம் இறங்கி, மரவள்ளி மூட்டை ஏற்றி வந்த லாரி அவன்மேல் சரிந்தது. அந்தச் சாலையைப் போட்டு முடித்ததாக அறிவிக்கும் பலகை இன்னும் அங்கே நிற்கிறது. அதில் சீஃபின் பெயர் இருக்கிறது. சாலையைப் போட்டிருந்தால் மாடு தேவைப்பட்டிருக்காது என்ற சொல் உகோயேவின் நாக்குவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

ஒக்வுடிலி எழுந்தான். எழுந்தபடியே, முக்கிய விஷயம் அல்ல என்பதுபோல் சொன்னான். “இந்த ரூமும், முக்குல இருக்கிற கொட்டகையும் ஒன்கிட்டயே இருக்கட்டும்னுதான் நான் நெனைக்கிறேன். நீயும் இந்த வீட்டாளா நடந்துக்க.”

அவர்கள் போன பிறகு உகோயே வெகுநேரம் பாயில் அப்படியே இருந்தாள். கொட்டகையை வாடகைக்கு விட்டால்தான் ஒலுச்சியின் பள்ளிக்கூடம். அறை போனால் பிறந்த வீட்டிலும் இடம் இல்லை. அங்கே அண்ணன் குடும்பமே எட்டுப் பேர்.

நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஒபிடிகே இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொள்வான். இந்தத் தடவை பாரேன் என்பான். விடிவதற்கு முன்னே போய் வரிசையில் நிற்பான். அவன் ஓட்டுப் போட்டவர்கள் தோற்றார்கள். ஒருவர் ஜெயித்தார், மறுமாதமே கட்சி மாறினார். மின்சாரம் வரவில்லை, ஆசிரியருக்குச் சம்பளம் வரவில்லை, அரசாங்கக் குழாயில் தண்ணீர் வரவில்லை. இந்தத் தடவை பாரேன் என்பது மட்டும் தவறாமல் வந்தது. உகோயேவுக்கு அந்தச் சொல்லின்மேல் நம்பிக்கை போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனால் அதைச் சொல்லுகிற முகத்தின்மேல் போகவில்லை.

போன மாதம் உசோஅமகா டீச்சர் வெளிவாசல்வரை வந்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. கையில் இருந்த ஒலிபெருக்கி பேட்டரி தீர்ந்து கரகரத்தது. அதை அணைத்துவிட்டுச் சொந்தக் குரலிலேயே பேசினார். “ஜெயிப்பேன்னு சொல்ல வரலம்மா. ரோட்டுக்கு வந்த பணம் எங்கன்னு சபையில எந்திரிச்சு நின்னு கேப்பேன். கேக்கறது ஒண்ணுதான் என் கையில இருக்கு.” அரிசி தரவில்லை, துணி தரவில்லை, ஒரு தீப்பெட்டிகூடத் தரவில்லை. உகோயே அவருக்கு எந்த விதத்திலும் கடன்பட்டவள் அல்ல. அதனாலேயே அந்த வார்த்தை மனசில் நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை அவள் ஜெபமாலை சொன்னாள். யாரையும் ஜெயிக்க வைக்கும்படி கேட்கவில்லை. கை பின்வாங்காமல் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

தேர்தல் நாள் என்பதால் சனிக்கிழமை காலை வண்டி ஓடத் தடை. வெறிச்சோடிய நெடுஞ்சாலையில் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். மூன்று மாதம் பாயிலேயே கிடந்த உள்ளங்கால் மெத்தென்று ஆகியிருந்தது. கல் ஒவ்வொன்றும் குத்தியது. அடன்மா முன்னால் நடந்தாள்.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் வரிசை வேலிவரை நீண்டிருந்தது. கறுப்புத் துணியைப் பார்த்ததும் முன்னால் நின்றவர்கள் ஓர் அடி முன்னே தள்ளிக்கொண்டார்கள், பின்னால் நின்றவர்கள் பின்னே. அவளைச் சுற்றி ஒரு வட்டம் விழுந்தது. அந்த வட்டத்துக்குள் ஒருத்தி வந்து அவள் தோளோடு தோள் உரச நின்றாள். பின்தெருவில் பயற்று வடை சுட்டு விற்கும் எகெம்மா.

“என்னா வெயிலு,” என்றாள் எகெம்மா. “ஓட்டு வாங்கறவனுங்க ஒரு பந்தல் போட்டா என்ன? ஜெயிச்சப்புறம் போடுவானுங்க, அவனுங்க வீட்டுல.”

உகோயேவால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இந்த மூன்று மாதமும் விடியற்காலையில் பின்மதில் ஓரமாக ஒரு மஞ்சள் கேன் தண்ணீர் வைத்துவிட்டுப் போனவள் இவள்தான். இடுப்பு வலியோடு, கோயில் அடிகுழாயிலிருந்து, அரை மைல். கூப்பிட்டதில்லை, கதவைத் தட்டியதில்லை. ஒருநாள் சீக்கிரம் விழித்த உகோயே ஜன்னல் வழியாக அந்த நொண்டும் நடையைப் பார்த்துத்தான் ஆள் யாரென்று தெரிந்துகொண்டாள். இப்போது அதைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினாள். எகெம்மா காது கேட்காதவள்போல் வெயிலைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

ஒக்வுடிலி அட்டையைக் கொண்டுவந்து, அவள் காலடியில் தரையில் வைத்துவிட்டு நகர்ந்தான். அவள் குனிந்து எடுத்தாள்.

அவள் முறை வர மணி பன்னிரண்டு ஆயிற்று. கைரேகைக் கருவி அவள் விரலை இரண்டு தடவை மறுத்து, மூன்றாம் தடவை ஏற்றது. ஓட்டுப் போடும் மறைப்புக்குப் பின்னால் சீட்டை விரித்தாள். ஒக்வுடிலியின் மச்சான், மஞ்சள் தொப்பியோடு, மறைப்பின் ஓரத்தில் எட்டிப் பார்க்கத் தோதாக நின்றிருந்தான். உகோயே முதுகைத் திருப்பிக்கொண்டு, டீச்சரின் கட்சிச் சின்னத்தின் எதிரே விரலை வைத்து அழுத்தினாள். மை உள்ளே போகும்படி மடித்தாள்.

“அக்கா, மடிச்சிட்டீங்களே. பிரிச்சுக் காட்டுங்க.” குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான்.

உகோயே தாழ்த்தவில்லை. “துக்கத்துல இருக்கிறவ கையில இருக்கிறதைப் பாக்கக் கூடாதுன்னு எங்க மதினி சொல்லியிருக்காங்க. அவங்க அனுமதிச்சா காட்டறேன்.”

வரிசை முழுக்கத் திரும்பியது. அவன் தவித்துப்போய் அடன்மாவைப் பார்த்தான். ஒக்வுடிலியும் பார்த்தான். அவன் முகத்திலிருந்தது வேண்டுகோளா கட்டளையா என்று தெரியவில்லை. அடன்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காத பெண் அல்ல அவள். சனிக்கிழமை மட்டும் என்று முன்னோர்களை வளைத்த தம்பியைப் பார்த்தாள். அவர்களை வளைக்க ஆள் இல்லாமல் ஒரு வருஷம் சாம்பல் தரையில் கிடந்த இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தியும் அவள் கண்முன் வந்திருக்கலாம்.

“பாக்கக் கூடாது,” என்றாள் அடன்மா. “வழக்கம்னா வழக்கம்தான்.”

சீட்டு பெட்டிக்குள் விழுந்தது.

ஒக்வுடிலி உகோயேவின் அருகில் வரவில்லை. எண்ணி முடிந்த பிறகு வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று தூரத்திலிருந்தே சொன்னான். மற்றவர்கள் யாரும் கலையவில்லை. தங்கள் ஓட்டைக் காவல் காக்க எண்ணி முடிக்கும்வரை அங்கேயே நிற்பது வழக்கம். எகெம்மாவும் ஒரு கல்லைத் தேடி உட்கார்ந்துவிட்டாள். உகோயே வாசல்பக்கம் நடந்தபோது அடன்மா எதிரில் வந்தாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“பொழுது சாயுற வரைக்கும் சனிக்கிழமைதான்.”

உகோயே வீட்டுக்குப் போகவில்லை. பின்தெருவுக்குப் போனாள். தெருவில் ஓர் ஆள் இல்லை. எகெம்மாவின் குடிசைக்குப் பின்னால் தகரப் பீப்பாய் அடியில் நாலு விரல் தண்ணீரோடு நின்றது. பக்கத்தில் மஞ்சள் கேன் இரண்டு கவிழ்த்து வைத்திருந்தது. அவற்றை எடுத்துக்கொண்டு கோயில் அடிகுழாய்க்கு நடந்தாள். அடித்து நிரப்பி, ஒன்றைத் தலையில் ஏற்றி, ஒன்றைக் கையில் பிடித்துத் திரும்பினாள். ஊற்றிவிட்டு மறுபடி போனாள். கழுத்து மரத்துப்போயிற்று. உள்ளங்காலில் தோல் உரிந்தது. மூன்று மாதத்து விடியற்காலைகளுக்கு ஒரு பீப்பாய் ஈடாகாது என்று அவளுக்குத் தெரியும்.

நாலாவது நடையில் பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து ஒலிபெருக்கி கேட்டது. அதிகாரி முடிவைப் படித்தார். சீஃபுக்கு இருநூற்றுப் பதினொன்று. ஆரவாரம் எழுந்தது. அது அடங்க நேரமாயிற்று. பிறகு அதே குரல், உசோஅமகா டீச்சருக்குப் பதினேழு என்றது.

உகோயே கேனை இறக்கி வைத்தாள். ஒன்று என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மற்றப் பதினாறு பேர் யார்? அட்டையை ஒக்வுடிலியின் பெட்டியில் வைத்திருந்தவர்களில் எத்தனை பேர்? மஞ்சள் தொப்பிக்காரனை ஏமாற்றிவிட்டுப் போட்டவர்கள் எத்தனை பேர்? இந்நேரம் ஒக்வுடிலி அந்த மைதானத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு முகமும் அவனுக்குச் சொல்லாது. அறையும் கொட்டகையும் போகலாம், போகாமலும் இருக்கலாம். ஜெயிக்கவில்லை. இந்தத் தடவையும் ஜெயிக்கவில்லை. இருந்தாலும் பதினேழு பேர் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே பக்கமாக நின்றிருக்கிறார்கள். கடவுள் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். கேனை மறுபடி தலைக்கு ஏற்றினாள்.

இன்னும் இரண்டு நடை நடந்தாள். பீப்பாயில் தண்ணீர் விளிம்புவரை வந்து தளும்பியது. தகரத் தகட்டால் மூடி, காற்றுக்கு நகராமல் மேலே ஒரு செங்கல்லை வைத்தாள். கேன்களை முன்போலவே கவிழ்த்தாள். தரையில் சிந்தியிருந்த ஈரத்தின்மேல் காலால் மணலைத் தள்ளி மூடினாள். வெயில் இன்னும் கொஞ்சம் இருந்தது. யாரும் வருமுன் அவள் பின்வழியாகப் போய்விட்டாள்.