ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம்

குன்னத்துக்கு வெளியே, மக்காச்சோளக் கொல்லைகள் முடிகிற இடத்தில் கலையரசனின் பட்டறை இருக்கிறது. பாத்திரம் கழுவுகிற லிக்விடும் தரை துடைக்கிற லிக்விடும் அங்கே தயாராகி அரியலூர்க் கடைகளுக்கும் சிமெண்ட் ஆலை கேண்டீன்களுக்கும் போகின்றன. எலுமிச்சை வாசனை, பச்சை நிறம் எல்லாம் கடைசியில் சேர்க்கிற அலங்காரம். முதலில் வருவது ஆசிட் ஸ்லரி. நீலக் கேனில், காய்ச்சிய வெல்லப்பாகு மாதிரி பழுப்பாகக் கெட்டியாக இருக்கும். லிக்விடில் நுரை வருவதே அதனால்தான். காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் கலந்து அடங்கும்வரை அது அமிலம். தோலில் பட்டால் வெந்துபோகும், கண்ணில் பட்டால் கண் போகும். பார்ப்பதற்கு மட்டும் பரம சாது.

இது பட்டறையில் யாருக்கும் தெரியாத சங்கதி இல்லை. சுவரில் போர்டே இருக்கிறது: "ஸ்லரி கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். கண்ணில் வேறு எதையும் விடக்கூடாது." ஆய்வுக்கு ஆள் வரப்போகிறார் என்று கேள்விப்பட்ட வாரத்தில் கலையரசன் அவசரமாக எழுத வைத்தது. எழுதியவள் பூவிழி. பிளஸ் டூ படித்தவள், கையெழுத்து அழகாக இருக்கும். இருபத்தாறு வயது, வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தை. 'விடாமல்' என்பதற்குக் கீழே சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடுகூட இழுத்திருந்தாள்.

அந்தப் போர்டுக்கு எட்டடி தள்ளித்தான் செங்கமலத்தின் வலது கண் போனது.

மார்கழிக் குளிரில் ஸ்லரி இறுகிப்போகும். கேனை வெயிலில் வைத்து இளக்குவார்கள். சூடு ஏறினால் உள்ளே காற்று முட்டிக்கொண்டு நிற்கும். மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். கண்ணாடி ஆணியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. போட்டால் வேர்வையில் மங்கிவிடுகிறது என்று ஒருவரும் அதைத் தொடுவதில்லை. பத்து வருஷமாகக் கேன் திறக்கிற கை செங்கமலத்தின் கை. குனிந்து ஒரே திருகாகத் திருகினாள்.

அவள் போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடி வந்தார்கள். முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பக்கத்தில் கண்ணில் தூசி விழுந்தாலும், மிளகாய் பட்டாலும், கண் சிவந்து பீளை தள்ளினாலும் கைக்குழந்தைக்காரி இருக்கிற வீட்டைத் தேடித்தான் போவார்கள். தாய்ப்பால் ஒரு சொட்டு விட்டால் குளிர்ந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். செங்கமலமே கேட்டாள்.

"பூவிழி எங்கடி? பால் வுடு புள்ள. எரியுது."

பூவிழி உட்கார்ந்து அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். காலை ஏழு மணிக்குக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு வந்தவளுக்குப் பதினொரு மணிக்கு மார் கட்டிக்கொண்டிருந்தது. பீய்ச்சினாள். நன்றாகவே வந்தது. தன்னால் ஒருத்திக்கு உபகாரம் ஆகிறதே என்று அந்த நேரத்தில் அவளுக்குப் பெருமையாக இருந்தது. மாரின் கனம் குறையக் குறைய உடம்புக்குச் சுகமாகவும் இருந்தது. இந்த இரண்டையும் அவள் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

போர்டு அவள் ஞாபகத்துக்கு வரவே இல்லை. அது ஆய்வுக்கு வருகிறவருக்காக எழுதியது. நாலு எட்டில் குழாய் இருந்தது. அங்கே பாட்டில் அலசிக்கொண்டிருந்த கவியா என்கிற பெண் குழாயை மூடாமலே ஓடிவந்திருந்தாள். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கார் பிடித்து பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. டாக்டர் கண்ணைத் திறந்து பார்த்தார். வேகவைத்த முட்டை மாதிரி வெளுத்திருந்தது.

"எத்தன நிமிஷம் தண்ணி ஊத்துனீங்க?"

"ஊத்தல சார். பால் வுட்டோம்."

அவர் சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டு அரைமணி நேரத்துக்குமேல் கண்ணைக் கழுவினார். பிறகு பூவிழியை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"மொதல் அஞ்சு நிமிஷம்தாம்மா கணக்கு. அப்பவே குழாயடியில புடிச்சிருந்தா பார்வை தப்பிச்சிருக்கலாம். இனிமே யாருக்கும் இப்படிச் செய்யாதீங்க."

திட்டியிருந்தால் அழுதிருப்பாள். அவர் திட்டவில்லை, அவளுக்கும் அழுகை வரவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை. குழந்தை வாய் வைத்தால் எப்போதும் உண்டாகும் கூச்சம்கூடப் போய்விட்டது. மார் யாருடையதோ என்பதுபோல உட்கார்ந்திருப்பாள்.

தை கழிந்து செங்கமலம் வேலைக்குத் திரும்பினாள். ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொண்ட கலையரசன், லேபிள் ஒட்டுகிற மேசையில் உட்காரச் சொல்லிவிட்டார். புதுக் கண்ணாடிகளும் வாங்கி வந்தார். அவையும் அதே ஆணிக்குப் போயின.

செங்கமலம் பழியை யார்மேலும் போடவில்லை. அதுதான் வினை. பஸ்ஸில் விசாரிக்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். "வலது கண்ணு என் நேரம், போயிடுச்சு. பெத்த தாய் மாதிரி பால் குடுத்தா பாரு பூவிழி, அதுலதான் எடது கண்ணு நின்னுச்சு. இல்லாட்டி ரெண்டும் அவிஞ்சிருக்கும்." சொல்லிவிட்டு பூவிழியின் கையைப் பிடித்துக்கொள்வாள். வெள்ளிக்கிழமை தோறும் டிபன் பாக்ஸில் பூண்டுக் குழம்பு கொண்டுவருவாள். பால் நன்றாக ஊறுவதற்கு. பூவிழி சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவாள். ருசி தெரியாது.

ஒரு தடவை ஆரம்பித்தாள். "அத்த, அந்த டாக்டரு என்ன சொன்னாருன்னா…"

"அந்த டாக்டரு கெடக்குறாரு. நீ சாப்புடு. இன்னும் ரெண்டு பூண்டு போட்டுக்க."

அதற்குமேல் பூவிழியால் முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம், ஊருக்குப் போகிற பஸ்ஸில் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். சொல்லாமல் விட்டதற்குப் பலன் கண்ணெதிரே வளர்ந்தது. கேன் திறக்கிற வேலை இப்போது கவியாவுக்கு. கண்ணாடியைப் போடு என்றால் சிரிப்பாள். "அதான் நீங்க இருக்கீங்களேக்கா. கையிலயே வைத்தியம் வச்சிருக்கீங்க." மற்றவர்களும் சிரிப்பார்கள். பூவிழி குனிந்து வேலையைப் பார்ப்பாள்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. கவியா ஸ்லரியை மக்கில் மொண்டு டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மக்கு வழுக்கி டிரம்முக்குள் விழுந்தது. தெறித்தது.

"அக்கா, கண்ணு."

லேபிள் மேசையிலிருந்து செங்கமலம் எழுந்து கத்தினாள். "பூவிழி, ஓடியா. பால் வுடு, சீக்கிரம்."

கவியாவும் கண்ணைப் பொத்திக்கொண்டு அவள் மடியைத் தேடித்தான் வந்தாள். பூவிழி அவள் பிடரியைப் பிடித்து நாலு எட்டு இழுத்துக்கொண்டு போய்க் குழாய்க்குக் கீழே அமுக்கினாள். குழாயைத் திறந்தாள். இமையை இரண்டு விரலால் பிளந்து பிடித்தாள். கவியா திமிறினாள், காலால் உதைத்தாள்.

"பால வுட்டுட்டு அப்பறமா கழுவேன் புள்ள," என்றாள் செங்கமலம் பக்கத்தில் வந்து.

"வேணாம் அத்த. மணியப் பாருங்க. பதினஞ்சு நிமிஷம் ஆனதும் சொல்லுங்க."

கடிகாரம் போர்டுக்கு மேலே மாட்டியிருந்தது. செங்கமலம் முகத்தை ஒருபக்கமாகத் திருப்பி, இருக்கிற கண்ணால் பார்த்தாள். "மூணாச்சு," என்றாள். "அஞ்சாச்சு. போதும், புள்ளைக்கி மூச்சு முட்டுது."

"போதாது."

ஏழு என்று சொன்ன பிறகு செங்கமலத்தின் குரல் வரவில்லை. பூவிழி நிமிர்ந்து பார்த்தாள். செங்கமலம் கடிகாரத்துக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்க அவளுக்கு வரும். இத்தனை நாளும் அதைப் படிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை, இப்போது நேரம் நிறைய இருந்தது. உதடுகள் அசைந்தன. சிவப்புக் கோட்டில் கொஞ்சம் நின்றன, பிறகு கீழ்வரிக்கு இறங்கின. பூவிழி தலையைக் குனிந்துகொண்டு இமையைப் பிடித்திருந்தாள். விரல்கள் விறைத்துப்போயிருந்தன.

"ஆயிடுச்சு," என்றாள் செங்கமலம், ரொம்ப நேரம் கழித்து.

கவியா தலையைத் தூக்கினாள். கண் சிவந்திருந்தது. கொட்டிக் கொட்டித் திறந்தாள். "எரியுதுக்கா. ஆனா தெரியுது. கடியாரம் தெரியுது." கலையரசன் எதற்கும் டாக்டர் பார்க்கட்டும் என்று அவளை வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார். மற்றவர்கள் வாசல் வரை போனார்கள்.

குழாயை யாரும் மூடவில்லை. பூவிழி அதன் பக்கத்திலேயே நின்றாள். செங்கமலம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நீ பால் வுட்டுக்கிட்டு இருந்தப்ப, தண்ணி ஓடுற சத்தம் ஒண்ணு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எங்கிருந்து வருதுன்னு தெரியல. இந்தக் குழாய்தானா?"

"இதாங்க அத்த."

"டாக்டரு இதத்தான் சொன்னாராக்கும்."

"ஆமாங்க."

செங்கமலம் கையை நீட்டிக் குழாயை மூடினாள். மெல்ல நடந்து மேசைக்குப் போனாள். அங்கே பூவிழிக்காகக் கொண்டுவந்த டிபன் பாக்ஸ் இருந்தது. அதை எடுத்துத் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். பிறகு உட்கார்ந்து, பாட்டிலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், லேபிள் ஒட்டத் தொடங்கினாள்.

பூவிழிக்கு மூன்று மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் வலித்தது. மார் கட்டிக்கொண்டிருந்தது, ஜாக்கெட் நனைந்திருந்தது. குழந்தைக்குப் பால் கொடுக்கிற நேரம் தாண்டியிருந்தது.