பன்னிரண்டு படங்களும் ஒரு சிவப்புப் பென்சிலும்

எங்கள் கேலரியை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்றதும், கட்டி முடிகிறவரைக்கும் வேறு இடம் பிடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எங்கள் அக்கா வீட்டுக்காரர் ஓவியக் கல்லூரியில்தான் வாத்தியார், கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லித் தொலைத்தேன். கல்லூரியும் பெரிய மனசு பண்ணிக் கீழ்த்தளத்தில் ஒரு கூடத்தைக் கொடுத்தது. சாவியை என் கையில் கொடுக்கும்போதே முதலாளியம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"இது உன் ஏற்பாடு. அங்க ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா, புதுக் கட்டடத்துல உனக்கு இடம் கிடையாது."

புதுக் கட்டடத்தில் என் நாற்காலி எங்கே வரும் என்று நான் வரைபடத்திலேயே பார்த்து வைத்திருந்தேன். ஜன்னலோரம், ஏசிக்கு நேர் கீழே. பழைய கட்டடத்தில் நான் குப்பை கொட்டியது மாடிப்படிக்கு அடியில். அவசரமாக எழுந்தால் தலை இடிக்கும். அப்படி எழுந்தெழுந்தே எனக்குக் கொஞ்சம் முன்கோபம் வந்துவிட்டது என்று அக்கா சொல்வாள்.

சாமான்களோடு போய் இறங்கினால், கூடம் முழுக்க பிளாஸ்டர் தூள். பக்கத்து அறையில் சிற்பப் பிரிவுக்காரர்கள் எதையாவது சுரண்டிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் முதல் கண்காட்சியோ ஒரு பெரிய கையுடையது. ஊர் உலகமெல்லாம் பெயர் வாங்கிய ஓவியர். கரித்துண்டால் வரைந்த பன்னிரண்டு ஆளுயரப் படங்கள், எல்லாமே எதற்காகவோ காத்திருக்கும் மனிதர்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒரு பெண், பஸ் நிறுத்தத்தில் ஒரு கிழவர், சலூனில் ஒருவர். ஓவியரின் முன்னால் 'அருமை' என்பதைத் தவிர யாரும் எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. என் வேலையில் பாதி அதைச் சொல்வதுதான்.

தூளுக்குப் பயந்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதலாளியம்மா படங்களை வராந்தாச் சுவரில் மாட்டச் சொன்னார். நல்ல வெளிச்சம். சுவரின் முதல் பாதியில் முதலாமாண்டுப் பிள்ளைகள் கரியில் வரைந்த ஆளுயரப் படங்கள் தொங்கின, மறுபாதி காலி. அதில் மாட்டினோம். கண்ணாடி போடக் கூடாது, கரியை நேராகத்தான் பார்க்க வேண்டும் என்பது ஓவியரின் உத்தரவு. பெயர்ச் சீட்டுகள் இன்னும் அச்சாகி வரவில்லை.

அந்தச் சுவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் வாரக் கடைசியில் படங்களை அங்கே மாட்டிவிட்டுப் போவார்கள். யார் வரைந்தது என்று தெரியக் கூடாதென்று பெயரைப் பின்பக்கம் எழுதுவார்கள். திங்கட்கிழமை காலையில் எங்கள் மாமா, அதாவது அக்கா புருஷன், சிவப்புப் பென்சிலோடு வந்து ஒவ்வொன்றின் மூலையிலும் மார்க் போட்டுவிட்டுப் போவார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் அழிரப்பர். வாயைத் திறந்தால் முதலில் வருவது 'அழி'தான். வீட்டில் அக்கா திரைச்சீலை மாட்டினால்கூட ஒரு பக்கம் ஏறியிருக்கிறது என்று சொல்கிற மனுஷர். கண்காட்சி கூடத்துக்குள் நடக்கப் போகிறது என்றுதான் அவரும் நினைத்திருந்தார்.

திங்கள் காலை நான் போனபோது எங்கள் பன்னிரண்டு படங்களின் மூலையிலும் சிவப்பாக இருந்தது. முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, முப்பத்தைந்து. பாஸ் மார்க் ஐம்பது, ஒன்றுகூடத் தேறவில்லை. ஆஸ்பத்திரிப் பெண்ணுக்குக் கீழே 'முழங்கை எங்கே? திரும்ப வரை' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. அழிக்கலாமென்றால் அந்தப் பென்சில் காகிதத்தைப் பெயர்த்துக்கொண்டுதான் வரும்.

முதலாளியம்மாவும் ஓவியரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். முதலாளியம்மா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஓவியர் ஒவ்வொரு மார்க்காகப் படித்துக்கொண்டே போனார். கடைசிவரை போய்த் திரும்பி வந்து, இதைப் போட்டவரைப் பார்க்க வேண்டும் என்றார்.

மாமாவை நானே இழுத்து வந்தேன். வழியெல்லாம், காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேளுங்கள், என் பிழைப்பே இதில்தான் இருக்கிறது என்று மன்றாடினேன். தலையைத் தலையை ஆட்டினார். வந்து நின்று மன்னிப்பும் கேட்டார்.

"தெரியாம எழுதிட்டேன் சார், தப்புதான். மன்னிச்சுக்குங்க." அதோடு நிறுத்தியிருந்தால் மனுஷன். "ஆனா மார்க் சரிதான்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த முழங்கை இல்லாததைப் பற்றி ஒரு விமர்சகர் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார், அது இந்தக் காலத்து மனிதனின் நிராதரவு என்று முதலாளியம்மா படபடத்தார். அதெல்லாம் இருக்கட்டும், அந்தம்மா தலை சொறிய வேண்டுமென்றால் கையை எங்கே மடக்குவார் என்று மாமா கேட்டார். ஓவியர் அந்தப் படத்தருகே போய் நின்றார்.

"எனக்கு அந்த முழங்கை வரல," என்றார் ஓவியர் மெதுவாக. "எத்தனையோ வருஷமா வரல. யாராவது கேட்பாங்கன்னு பயந்துகிட்டே இருந்தேன். ஒருத்தர்கூடக் கேட்கல."

அவ்வளவு பெரிய மனுஷரைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. நானும்தானே அந்தப் பெண்ணின் முன்னால் நின்று அருமை, அருமை என்று உருகினேன்.

அவர் கண்காட்சியை ரத்து செய்யவில்லை. தேறுகிற படங்களை மட்டும் மாட்டுங்கள், மற்றவை தேறத் தேற வரட்டும் என்று சொல்லிவிட்டு, முதலாமாண்டு வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். திறப்பு விழாவன்று வெற்றுச் சுவரைப் பார்க்கக் கூட்டம் அம்மியது. அந்த வெறுமையைப் பற்றி அதே விமர்சகர் நான்கு பக்கம் எழுதினார். அதில் முதலாளியம்மாவின் கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதிக்கு எனக்குத் தண்டனை கிடைத்தது. புதுக் கட்டடம் தயாராகி எல்லோரும் மூட்டை கட்டியபோது, கடைசிப் படம் தேறுகிற அன்றைக்குத்தான் நீ வரலாம் என்று என்னை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

ஆக, நான் பிளாஸ்டர் தூளைத் தின்றுகொண்டு திங்கட்கிழமைகளுக்காகக் காத்திருந்தேன். மாமா மார்க் போடும்போதெல்லாம் பின்னாலேயே போவேன். நம்ம குடும்பத்துக்காக இரண்டு மார்க் கூடப் போடக் கூடாதா என்று கெஞ்சிப் பார்த்தேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அக்கா எனக்காக அவரோடு பேசுவதையே நிறுத்திப் பார்த்தாள். அவர் நிம்மதியாக இருந்தார். ஆனாலும் முழங்கை வந்தது. ஒவ்வொன்றாகப் பதினொன்றும் தேறின. சலூனில் காத்திருந்தவர் மட்டும் பாக்கி.

போன திங்கட்கிழமை மாமாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. படுத்தபடியே போனில், நீயே பார்த்துப் போடு என்று சொல்லிவிட்டார். ஓவியர் பென்சிலை என்னிடம் நீட்டிவிட்டுச் சுவரோரம் கைகட்டி நின்றார். விரலெல்லாம் கரி.

ஐம்பது என்று எழுதினால் நாளைக்கே ஜன்னலோரத்தில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்துவிடலாம். 'அருமை சார்' என்று நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. மறுபடி பார்த்தேன். முகம் நன்றாக வந்திருந்தது, கையும் நன்றாக வந்திருந்தது. பாழாய்ப்போன வலது கால் மட்டும் தரையில் படவில்லை. பார்க்காத மாதிரி இருந்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. என்னையே திட்டிக்கொண்டு நாற்பத்தேழு போட்டேன்.

அவர் கிட்டே வந்து பார்த்தார். எங்கே என்று கேட்டார். வலது காலைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முகமெல்லாம் சந்தோஷமாக ரப்பரை எடுத்து அழிக்க ஆரம்பித்தார்.

வெளியே வந்து முதலாளியம்மாவுக்கு போன் போட்டு, இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றேன்.

"மறுபடியும் உங்க மாமாவா?" என்று எரிந்து விழுந்தார்.

"இல்ல மேடம், இந்தத் தடவை நான்தான்."