வெற்று ரத்தம்

என் மாமனார் குடிக்காதவர். உலகத்தில் குடிக்காதவர்கள் எத்தனையோ பேர். அதையே ஒரு பதவி மாதிரி வைத்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர்களின் ரத்தத்தைச் சோதிக்கும் ஆய்வகத்தில் நான் வேலை பார்க்கிறேன். அவர் அங்கேயே ஸ்டோர் கீப்பர். டிரைவர்களின் ரத்தத்தோடு, துளியும் போதை கலக்காத ரத்தம் ஒரு குப்பியும் எந்திரத்துக்குள் போக வேண்டும். அதற்கு 'வெற்று' என்று பெயர். வெற்றில் பூஜ்யம் வந்தால்தான் மற்ற குப்பிகளில் வரும் எண்ணை நம்பலாம். பதினோரு வருடமாக அந்த வெற்று என் மாமனாருடையது. "என் ரத்தத்த வச்சுத்தான் ஊர்ல உள்ள குடிகாரன எல்லாம் பிடிக்கிறாங்க" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்வார். பல் டாக்டரிடம், வாயைத் திறந்து வைத்தபடியே சொல்லியிருக்கிறார்.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. தட்டின் முன் உட்கார்ந்தால் கல்லீரலைப் பற்றிப் பிரசங்கம், டிவியில் எவனாவது கிளாஸைத் தூக்கினால் இன்னொரு பிரசங்கம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போன வாரம், "நாங்க தனியாப் போறோம் மாமா" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அவரே அட்டைப்பெட்டிகள் வாங்கிவந்து கொடுத்தார்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நர்ஸ் அவரிடம் ரத்தம் எடுத்தார். பதினோரு மணிக்கு, சமதரையாக ஓட வேண்டிய வெற்றின் கோடு குன்றாக எழும்பியது. குப்பியை மாற்றி ஓட்டினேன். அதே குன்று.

தவறு நடந்தால் பிழைப் பதிவேட்டில் காரணம் எழுதி, மத்தியானத்துக்குள் இயக்குநர் மேடத்திடம் நீட்ட வேண்டும். டிரைவர்களின் ரத்தத்தை மறுபடி ஓட்டிக்கொள்ளலாம், அது பெரிய விஷயமில்லை. ஆனால் அந்தப் பதிவேட்டை ஆய்வகமே படிக்கும். மனிதருக்கு இருந்த ஒரே பெருமை அந்தப் பூஜ்யம். அதைக் காற்றில் பறக்கவிட எனக்கு மனசு வரவில்லை.

பதிவேட்டோடு ஸ்டோருக்குப் போனேன். கையுறைப் பெட்டிகளுக்கு நடுவே, முகம் சிவந்து, ரொம்ப மரியாதையாக உட்கார்ந்திருந்தார்.

"மாமா, வெற்றுல வந்திருக்கு."

"எவ்வளவு?" என்றார். 'என் ரத்தத்துல எப்படி வரும்' என்று கேட்கவில்லை.

எண்ணைச் சொன்னேன்.

"வண்டி ஓட்டுனா பிடிப்பாங்களா?"

"பிடிப்பாங்க."

"நான் பஸ்லதான் வந்தேன்."

நான் குரலைத் தாழ்த்தினேன். "நர்ஸ் உங்க கைய ஸ்பிரிட்ல தொடச்சிட்டாங்க, அது கலந்துருச்சுன்னு எழுதிடறேன்."

"பிடிபட்ட டிரைவர் எல்லாரும் அதத்தான சொல்றான்? ஸ்பிரிட்டே போடறதில்லன்னு கோர்ட்ல சத்தியம் பண்றது நீங்கதான மாப்ள?"

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் அதைத்தான் செய்யப் போனேன். அந்த ஒரு வரி போதும், ஊரிலுள்ள வக்கீல்களெல்லாம் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பார்கள்.

"பின்ன என்னதான் நடந்துச்சு?"

"காலைல உங்க பெட்டி ஒண்ணு வாயப் பொளந்துட்டுக் கிடந்துச்சு. டேப் ஒட்டலாம்னு போனேன். சட்டைக்கு அடியில ஒரு பாட்டில் இருந்துச்சு."

நான் ஸ்டோர் கதவைச் சாத்தினேன்.

"இதுக்காகத்தான் எங்கள விட்டுட்டுப் போறீங்களோன்னு நெனச்சேன். அப்படி என்னதான் இருக்குன்னு ரெண்டு டம்ளர் குடிச்சுப் பார்த்தேன். ஒண்ணுமில்ல மாப்ள. தொண்டை எரிஞ்சுது. அப்புறம் அழுகை வந்துச்சு. அது அதனாலயா, நீங்க போறதனாலயான்னு தெரியல."

எனக்கு வெட்கமாக இருந்தது. பிரசங்கத்துக்குப் பயந்து ஓடுகிறேன் என்றுதான் மனைவியிடம்கூடச் சொல்லி வைத்திருந்தேன். பாட்டிலுக்காகத்தான் என்று இவர் ஒருவர்தான் கண்டுபிடித்தார், அதுவும் குடித்துப் பார்த்து.

பதிவேட்டை என் கையிலிருந்து வாங்கினார். காரணம் என்ற இடத்தில், 'கொடையாளர் மது அருந்தியிருந்தார்' என்று முத்து முத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாட்டில் யாருடையது என்று ஒரு வார்த்தை இல்லை. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. அடுத்த கட்டத்தில் வெகுநேரம் எதையோ எழுதிவிட்டு, லேசாகச் சாய்ந்தபடி மேடத்தின் அறைக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

மேடம் படித்தார். அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்ல ஏற்பாடுதான்" என்று கையெழுத்துப் போட்டு, பதிவேட்டை என்னிடம் தந்தார்.

சரிசெய்யும் நடவடிக்கை என்பதற்கு எதிரே என் பெயர், இனிஷியலோடு: 'மாற்றுக் கொடையாளர். அடுத்த திங்கள் முதல், வாரம் ஒரு முறை ரத்தம் தருவார். என் மருமகன். ஒரே வீட்டில் இருப்பதால் கண்காணிப்பது எளிது.'

சாயந்திரம் நானும் அவருமாகப் பெட்டிகளைப் பிரித்தோம்.