பேர் தெரியணும்

என் அண்ணனுக்குப் பேர் பைத்தியம். கிரேன் ஓட்டுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தரும் கம்பெனி அவனுடையது. வாசல் போர்டு, தேநீர்க் கோப்பை, காவலாளியின் தொப்பி என்று எங்கு பார்த்தாலும் கம்பெனிப் பேர்தான். அங்கே கம்ப்யூட்டர் வேலை முழுக்க என் தலையில்.

காகிதத்தை ஒழித்துவிட்டு ஓட்டுநர்களின் செல்போனிலேயே டிஜிட்டல் சான்றிதழ் கொடுப்பது என்று முடிவானது. இரண்டு முறைகளை அவன் முன் வைத்தேன். ஒன்று, பல கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் பொதுப் பதிவேடு. நாங்கள் இழுத்து மூடினாலும் சான்றிதழ் செல்லும். இன்னொன்று, எங்கள் வெப்சைட் முகவரியை நம்பி நிற்பது. சுலபம்தான், ஆனால் முகவரி போனால் எல்லாம் போச்சு.

அண்ணன் திரையில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தான்.

"இதென்ன, மொதல்ல உள்ளதுல வெறும் எழுத்தும் நம்பருமா கெடக்கு? நம்ம பேர் எங்க?"

"அதுல பேர் வராதுண்ணே. ரெண்டாவதுல வெப்சைட் பேர் வரும்."

"அப்புறம் என்ன? பேர் தெரியணும்ல! அதையே போடு."

"சான்றிதழ் அவங்களோடதுண்ணே. நமக்கு ஏதாவது ஆனா அவங்க தெருவுல நிக்கணுமா?"

"வாயக் கழுவு. நமக்கு என்ன ஆகும்?"

அவன் சொன்ன இரண்டாவதையே போட்டேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகவே இருந்தான். அவன் மாமனார் முதல் போட்டார், கம்பெனிப் பேரும் வெப்சைட்டும் அவர் பேருக்கு மாறின. பழைய வெப்சைட் முகவரியை விட்டுவிடாதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "பழைய பேரக் கட்டிக்கிட்டு அழணுமா?" என்றான். என்னிடம் சொல்லாமலே, வருஷக் கட்டணம் கட்டி அதைப் புதுப்பிக்காமல் விட்டான். யாரோ ஒரு செருப்புக் கடைக்காரர் அதை வாங்கிவிட்டார்.

இது எனக்குத் தெரிந்ததே என் வீட்டுக்காரர் துறைமுக வாசலில் நின்றபோதுதான். அவரும் எங்களிடம் சான்றிதழ் வாங்கிய கிரேன் ஓட்டுநர். நாயாய்ப் பேயாய் அலைந்து கிடைத்த நிரந்தர வேலை, அன்றுதான் முதல் நாள். அதிகாரி அவர் செல்போனில் சான்றிதழைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். "என்னங்க, செருப்புக் கடைக்குப் போகுது?"

அண்ணன் அறைக்கு ஓடினேன்.

"புதுப் பேர்ல ஒண்ணு குடுண்ணே. இன்னிக்கே குடு."

"பழைய கம்பெனி சோதிச்சதுக்குப் புதுக் கம்பெனி கையெழுத்துப் போடக்கூடாதுன்னு மாமாவோட வக்கீல் சொல்லிட்டாரு. மாப்பிள்ளைய மறுபடி பயிற்சிக்குச் சேரச் சொல்லு."

பாவி! பயிற்சிக்கு வரிசையில் நின்றது பெருங்கூட்டம், எல்லோரும் இதேபோல் சான்றிதழ் செத்துப்போனவர்கள். அதற்குள் துறைமுக வேலை அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

பிறகு அண்ணனே போன் செய்தான். "புது போர்டு மாட்டணும். வாடகைக் கிரேன் வருது. மாப்பிள்ள சும்மாதான இருக்காரு, ஓட்ட வரச் சொல்லு."

எனக்கு நாக்கில் என்னென்னவோ வந்தது. அவர்தான், "வீட்டுல உக்காந்து மோட்டுவளையப் பாத்தா பைத்தியம் புடிக்குது, போறேன்" என்று கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

கிரேன் கம்பெனி மேற்பார்வையாளர் அவரை வண்டியில் ஏறவிடவில்லை. சான்றிதழ் கேட்டார், செல்போனைப் பார்த்தார், கீழே கையைக் காட்டினார். யாரோ ஒரு சின்னப்பயல் மேலே உட்கார்ந்து ஓட்டினான். போர்டு ஆடாமல் இருக்க அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இவர் கீழே நின்றார்.

அண்ணன் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் அண்ணாந்து பார்த்தான்.

"மாப்பிள்ள, பேர் நல்லாத் தெரியுதா?"

"தெரியுது மச்சான்" என்றார் என் வீட்டுக்காரர், கயிற்றை விடாமல்.